உடம்பின் காவலும் காவலுக்குத் தப்பும் கலமும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவிலே மகிழ்ச்சியான விடயங்களைப் பேச எத்தனையோ பேர் இருக்கிறார்கள். "டொக்டர் என்ற முறையில் எங்களுக்குப் பிரயோசனமான ஒன்றைச் சொல்லுங்கோ" என்று செயலாளர் கேட்டபோது நான் புற்றுநோயைத் தெரிந்தெடுத்தேன். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீடுகளில் இந்த நோய்க்குப் பெயர் கிடையாது. "அந்த வருத்தம்", "கூடாத வருத்தம்" என்றுதான் சொல்லுவோம். அதுவும் குரலைத் தாழ்த்தித்தான். பெயர் சொல்லக் கூசுகிற ஒன்றைப் பற்றிக் கேள்வி கேட்க முடியாது. கேள்வி கேட்காதவர் நேரத்துக்கு வைத்தியரிடம் போவதும் இல்லை. ஆகவே இன்று அரை மணித்தியாலம் அதன் பெயரைச் சொல்லியே கதைப்போம்.

நான் சொல்லப்போவதில் பாதி, நீங்கள் இந்தக் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் ஏற்கெனவே படித்ததுதான். வெங்காயத்தின் மேற்றோலை உரித்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, "இதுதான் கலம்" என்று கொப்பியில் கீறிய எல்லோருக்கும் அடிப்படை தெரியும். மிகுதியை அதன் மேல் கட்டுவோம்.

ஒரு கலம் எப்படிக் கெடுகிறது?

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி கலங்கள் இருக்கின்றன. இவை ஒருமுறை செய்து வைத்தவை அல்ல. குடலின் உட்படை சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிறது. தோலின் மேற்படை சில வாரங்களுக்கு ஒருமுறை மாறுகிறது. பழையவை இறக்க, புதியவை பிரிந்து அந்த இடத்தை நிரப்புகின்றன.

ஒரு கலம் இரண்டாகப் பிரியுமுன் அதன் கருவிலுள்ள டீ.என்.ஏ. முழுவதையும் பிரதி எடுக்க வேண்டும். அம்மாவிடமிருந்து வந்த பிரதியில் ஏறத்தாழ 320 கோடி எழுத்துகள். அப்பாவிடமிருந்து வந்த பிரதியிலும் கிட்டத்தட்ட அவ்வளவு. அந்தக் காலத்தில் ஓலைச்சுவடியைப் பார்த்து இன்னொரு சுவடியில் எழுதினார்களே, அதைப் போன்ற வேலை இது. எவ்வளவு கவனமாக எழுதினாலும் எங்கேயோ ஓர் எழுத்துப் பிழைத்துவிடும். பிழை பார்த்துத் திருத்துவதற்கென்றே எங்கள் கலங்களில் புரதங்கள் இருக்கின்றன. அவற்றின் கண்ணுக்கும் தப்பி நிலைத்துவிடும் பிழையைத்தான் விகாரம் என்கிறோம்.

பெரும்பாலான விகாரங்களால் ஒன்றும் நேர்வதில்லை. சில பரம்பரையலகுகளில் நேர்ந்தால்தான் ஆபத்து. "பிரி" என்று கட்டளையிடும் பரம்பரையலகுகள் உண்டு. "நில்" என்று கட்டளையிடுபவையும் உண்டு. முதலாவது வகை ஓயாமல் கத்தத் தொடங்கி, இரண்டாவது வகை ஊமையாகிப் போனால் அந்தக் கலம் தன் பாட்டில் பெருகத் தொடங்கும்.

"நில்" என்று சொல்பவற்றுள் மிக முக்கியமானது பி53 என்ற புரதம். டீ.என்.ஏ. சேதமடைந்தால் அது கலப்பிரிவை நிறுத்தி, திருத்துவதற்கு நேரம் கொடுக்கிறது. திருத்த முடியாத சேதமென்றால் அந்தக் கலத்தை இறந்துபோகச் செய்கிறது. மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ அரைவாசியில் இந்தப் பரம்பரையலகு பழுதடைந்திருக்கும். யானையைப் பாருங்கள். எங்களைவிட எத்தனையோ மடங்கு கலங்கள் அதற்கு உண்டு. அறுபது, எழுபது வயதுவரை வாழ்கிறது. ஆனால் புற்றுநோய் அதற்குக் குறைவு. எங்களுக்கு இந்தப் பரம்பரையலகு ஒரு சோடிதான். யானைக்கு 20 சோடியளவில் இருப்பதாக 2015 இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் காவலுக்கு இது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

ஒரேயொரு பிழையால் புற்றுநோய் வருவதில்லை. ஒரே கலவழியில், ஒன்றின் மேல் ஒன்றாகப் பல பிழைகள் சேர வேண்டும். அதற்கு வருடங்கள் எடுக்கும். வயது கூடக்கூடப் புற்றுநோய் கூடுவதற்கு இதுவே முக்கிய காரணம். புகையிலைப் புகை, மதுபானம், கடும் வெயில், உடற்பருமன், சில வைரசுகள் ஆகியன இந்தப் பிழைகளை விரைவுபடுத்துகின்றன. எங்கள் வெற்றிலைத் தட்டத்தையும் இதில் சேர்க்க வேண்டும். புகையிலை வைக்காமல் வெறும் பாக்கோடு போட்டால் பிழையில்லை என்று பலர் நம்புகிறார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் முடிவுசெய்தது. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லாமல், வெறும் தற்செயலான எழுத்துப் பிழையாலும் புற்றுநோய் வரும். இதை அழுத்திச் சொல்கிறேன். "நான் ஆருக்கு என்ன பாவம் செய்தனான்?" என்று என்னிடம் கேட்டு அழுத பெண்கள் பலர். "யோசிச்சு யோசிச்சுத்தான் அவவுக்கு இது வந்தது" என்று நோயாளியின் காதுபடச் சொல்லும் உறவினர்களும் இருக்கிறார்கள். நோயோடு இருப்பவரின் தலையில் குற்றத்தையும் தூக்கி வைக்காதீர்கள்.

இன்னொரு கணக்கு. அரிசிமணியை இரட்டித்து இரட்டித்துச் சதுரங்கப் பலகையில் வைக்கும் கதை உங்களுக்குத் தெரியும். ஒரு கலம் இரண்டாகி, நான்காகி, எட்டாகி 30 தடவை இரட்டித்தால் 100 கோடியைத் தாண்டும். அப்போதுதான் அது ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் கட்டியாகிறது. பல மார்பகப் புற்றுநோய்களில் ஒருமுறை இரட்டிக்கவே மாதக்கணக்கில் ஆகும். ஆகவே இன்று கையில் தட்டுப்படும் கட்டி, போன மாதம் விழுந்து அடிபட்டதால் வந்தது அல்ல. பல வருடங்களுக்கு முன்பே அது தொடங்கிவிட்டது.

காவற்காரர் என்ன செய்கிறார்கள்?

இவ்வளவு பிழைகள் தினமும் நடக்குமென்றால் நாங்கள் எல்லோரும் எப்படி உயிரோடிருக்கிறோம்? ஒரு காரணம், நான் சொன்ன திருத்தும் புரதங்கள். மற்றையது நிர்ப்பீடனத் தொகுதி.

அதில் ரி நிணநீர்க்குழியங்கள் என்று ஒரு வகை வெண்குருதிக் கலங்கள் உண்டு. இவை நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமசு என்ற உறுப்பில் பயிற்சி பெறுகின்றன. அங்கே இரண்டு சோதனைகள். பார்க்க வேண்டியதைப் பார்க்கத் தெரிகிறதா என்பது முதலாவது. சொந்த உடம்பைத் தாக்காமல் இருக்கத் தெரிகிறதா என்பது இரண்டாவது. நூற்றில் ஐந்துக்கு மேல் சித்தியடைவதில்லை. மற்றவை அங்கேயே அழிந்துவிடும். எங்கள் காலத்து ஏ.எல். சோதனைகூட இவ்வளவு கடுமையில்லை!

சித்தியடைந்தவை உடம்பெங்கும் ரோந்து போகின்றன. ஒவ்வொரு கலமும் தனக்குள் செய்யும் புரதங்களின் சிறு துண்டுகளைத் தன் மேற்பரப்பில் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும். ரி கலங்கள் அவற்றைத் தடவிப் பார்க்கும். வைரசு புகுந்த கலமென்றால் அந்நியத் துண்டு தெரியும். உடனே அந்தக் கலத்தைக் கொல்லும். புற்றுக் கலத்திலும் விகாரத்தால் மாறிய புரதத்தின் துண்டு வெளியே தெரியலாம். "எனக்கேன் வம்பு" என்று ஒன்றையும் காட்டாமல் ஒளிக்கும் கலங்களைக் கண்டு கொல்வதற்கு இயற்கைக் கொல்கலங்கள் என்ற வேறொரு வகை இருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கிருமி வெளியிலிருந்து வருவது. புற்றுக் கலம் எங்கள் சொந்தக் கலம். சொந்தத்தைத் தாக்கக்கூடாது என்று படித்துவந்த காவற்காரருக்குத் தடம்மாறிய சொந்தத்தை அடையாளம் காண்பது எளிதல்ல. ஆகவே இந்தப் போராட்டத்தை மூன்று கட்டங்களாக ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். முதலாவது, கண்டவுடன் அழித்தல். இரண்டாவது, இழுபறி, அழிக்கவும் முடியாது, வளரவும் விடாது. மூன்றாவது, தப்புதல்.

இழுபறி என்பது வெறும் கற்பனை அல்ல என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். ஸ்கொட்லாந்து வைத்தியர்கள் 2003 இல் வெளியிட்ட சம்பவம் இது. ஒருவருக்குத் தோலில் மெலனோமா என்ற புற்றுநோய் வந்து, சிகிச்சையால் குணமடைந்து, 16 வருடங்கள் சுகமாக வாழ்ந்தார். பிறகு வேறு காரணத்தால் இறந்தபோது அவரின் சிறுநீரகங்கள் இருவருக்குப் பொருத்தப்பட்டன. அந்த இருவருக்குமே அதே மெலனோமா வந்தது. கொடுத்தவரின் உடம்பில் அந்தக் கலங்கள் அழிந்துபோகவில்லை; அவருடைய நிர்ப்பீடனம் அவற்றை 16 வருடங்கள் அடக்கி வைத்திருந்தது. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமலிருக்க, பெற்றவர்களின் நிர்ப்பீடனத்தை மருந்தால் குறைத்திருந்தார்கள். காவல் தளர்ந்த இடத்தில் அவை எழும்பிவிட்டன.

தப்பும் கட்டத்தில் புற்றுக் கலங்கள் பல தந்திரம் செய்கின்றன. வெளியே காட்டும் துண்டுகளைக் குறைக்கும். தம்மைச் சுற்றியுள்ள கலங்களைத் தமக்குச் சாதகமாகத் திருப்பும். ரி கலத்தின் பிரேக்கை அழுத்தும். ரி கலங்களுக்குப் பிரேக் இருப்பது எங்கள் நன்மைக்காகத்தான். இல்லாவிட்டால் கிருமி போன பிறகும் சண்டை ஓயாது. அந்தப் பிரேக்கைப் புற்றுக் கலம் தனக்குச் சாதகமாகப் பாவித்துக்கொள்கிறது.

பிரேக்கை எடுத்த மருந்துகள்

நியூயோர்க்கில் வில்லியம் கோலி என்ற சத்திரசிகிச்சை நிபுணர், தோலில் கடும் கிருமித்தொற்று வந்த ஒருவரின் புற்றுக்கட்டி மறைந்துபோன வரலாற்றைக் கண்டறிந்தார். 1891 இல் அவர் வேண்டுமென்றே கிருமியை நோயாளிக்கு ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது. பலருக்குப் பயனில்லை, தொற்றாலேயே இறந்தவர்களும் உண்டு. கதிர்வீச்சுச் சிகிச்சை வந்தபின் அவரின் முறை கைவிடப்பட்டது. ஆனால் உடம்பின் காவலைப் புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பலாம் என்ற எண்ணம் அழியவில்லை.

நூறு வருடத்துக்கு மேலாகிய பிறகே அது கைகூடியது. அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனும் ஜப்பானின் தசுக்கு ஹொஞ்ஜோவும் ரி கலத்தின் இரண்டு வேறு பிரேக்குகளை ஆராய்ந்தார்கள். காவலைத் தூண்டிவிடுவதற்குப் பதிலாக அதன் பிரேக்கை விடுவிப்பதே அவர்களின் வழி. இந்த வகையில் முதலாவது மருந்து 2011 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இருவருக்கும் 2018 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015 இல், 90 வயதில், மெலனோமா ஈரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு ஆகியவற்றோடு இந்த வகை மருந்தும் கொடுத்தார்கள். அவர் 2024 டிசம்பரில் எங்கள் கல்லூரியைப் போல நூறைக் கண்ட பிறகே காலமானார்.

இதைக் கேட்டு, மருந்து கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இந்த மருந்துகள் எல்லாப் புற்றுநோய்க்கும் எல்லாருக்கும் வேலை செய்வதில்லை. விலையோ எங்கள் நாட்டுக் குடும்பம் தாங்கக்கூடியதல்ல. பிரேக் போன காவல், சில வேளைகளில் குடலையும் தைரொயிட்டையும் சுவாசப்பையையும் தாக்கும்.

இங்கேதான் "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிற" மா, குளிசை, அன்னமுன்னா இலைக் கசாயம் பற்றியும் சொல்ல வேண்டும். நிர்ப்பீடனம், திரியைத் தூண்டினால் கூடுதலாக எரியும் விளக்கு அல்ல. அளவுக்கு மீறி, திசை தவறி எரிந்தால் அது மூட்டுவாதம், லூபஸ் போன்ற நோய்களாகிறது. அவை பெண்களுக்கே கூடுதலாக வருகின்றன. நல்ல சாப்பாடும் நித்திரையும் நடையும் வேண்டும்; அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த மாவும் வளர்ந்த புற்றுநோயைக் கரைத்ததாக நிரூபிக்கப்படவில்லை. மாவைக் குடித்துக்கொண்டு மூன்று மாதம் பொறுத்திருப்பவர் இழப்பது அந்த மூன்று மாதத்தை.

காவலுக்கு முன்கூட்டியே பாடம் சொல்லலாம்

நாங்கள் கையாலாகாதவர்கள் அல்ல என்பதற்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. அநேகமாக எல்லாக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் காரணம் எச்.பி.வி. என்ற வைரசு. இதைக் காட்டிய ஜேர்மனிய விஞ்ஞானி ஹரல்ட் சூர் ஹவுசனுக்கு 2008 இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரசு செய்யும் ஒரு புரதம், நான் முன்பு சொன்ன பி53 ஐயே அழிக்கிறது. இன்னொன்று வேறொரு "நில்" புரதத்தை முடக்குகிறது.

இது மிகப் பரவலான வைரசு. திருமணமான பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் எப்போதாவது தொற்றியிருக்கும். அதில் வெட்கப்படவோ ஒருவரைச் சந்தேகிக்கவோ ஒன்றுமில்லை. பத்துப் பேருக்குத் தொற்றினால் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் நிர்ப்பீடனமே அதை அடக்கிவிடும். மிஞ்சியவர்களில் சிலருக்கு அது தங்கி, கலங்களை மெல்ல மெல்ல மாற்றும். நிர்ப்பீடனம் சாதாரணமாக உள்ள பெண்ணில் அது புற்றுநோயாக 15 முதல் 20 வருடங்கள் வரை எடுக்கும். நிர்ப்பீடனம் குறைந்தவரில் 5 முதல் 10 வருடங்கள் போதும். இவ்வளவு நீண்ட அவகாசம் தருகிற பகைவன் வேறு இல்லை.

அந்த அவகாசத்தில் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று தடுப்பூசி. வைரசு வருமுன்பே காவலுக்கு அதன் முகத்தைக் காட்டிவைக்கும் ஊசி அது. இலங்கையில் 2017 இலிருந்து ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். 12, 13 வயதில் ஊசியை முழுமையாகப் பெற்ற பெண்களில் ஒருவருக்கும் பரவும் நிலைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் காணப்படவில்லை என்று ஸ்கொட்லாந்து ஆய்வொன்று 2024 இல் அறிவித்தது. ஆகவே, "இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இது எதற்கு" என்று சம்மதக் கடிதத்தைத் திருப்பி அனுப்பும் தாய்மாருக்கு நான் சொல்வது: சின்ன வயதில் போட்டால்தான் அது முழுப்பலன் தரும்.

மற்றையது பரிசோதனை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். சில நிமிட வேலை. மாற்றமடைந்த கலங்களை, அவை புற்றாகுமுன்பே கண்டு அகற்றிவிடலாம். வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகளே, உங்களுக்கு இது வீட்டுக்கே கடிதமாக வருகிறது. இங்கிலாந்தில் 25 வயதிலிருந்து 64 வரை அழைக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் மாதிரியை நீங்களே எடுத்துக் கொடுக்கலாம். அந்தக் கடிதத்தைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு மறந்துபோகிறவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று நான் கேட்கமாட்டேன். நாளைக்கு அதைக் கழற்றி, திகதி எடுங்கள்.

என் வேண்டுகோள்

நான் பார்க்கும் பெண்களில் பலர் தாமதமாகத்தான் வருகிறார்கள். "மகளின்ர சோதனை முடியட்டும் எண்டு இருந்தனான்", "மாமியைப் பாக்க ஆளில்லை", "ஆம்பிளை டொக்டரா இருந்தால் என்ன செய்யிறது" என்பவை நான் கேட்கும் காரணங்கள். ஒருவரும் படிக்காதவர்கள் அல்லர். சிலர் ஆசிரியைகள். குடும்பத்தில் எல்லோருடைய வருத்தத்துக்கும் மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை மட்டும் தள்ளிவைத்தவர்கள்.

மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் அதைச் சோதித்துப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். ஊசியால் மாதிரி எடுத்தால் பரவிவிடும், கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயத்தை விடுங்கள். பரவ வைப்பது தாமதம். நல்ல சிகிச்சை வசதியுள்ள நாடுகளில், முதற் கட்டத்திலேயே கண்டுபிடிக்கப்பட்ட மார்பகப் புற்றுநோயாளர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் ஐந்து வருடங்களைத் தாண்டி வாழ்கிறார்கள். எங்கள் நாட்டிலும் மகரகம, கண்டி, மட்டக்களப்பு, தெல்லிப்பழை அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கான பணம், 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்து சேர்த்தது. தெற்கிலிருந்து அவ்வளவு பேர் எங்களுக்காக நடந்திருக்கிறார்கள். கிளினிக் வரைக்கும் நாங்கள் நடக்கக்கூடாதா?

இன்னொன்று. "குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு, வெளியில தெரிஞ்சால் சம்பந்தம் குழம்பிப் போகும்" என்று நோயை மறைக்கிறார்கள். புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே பெற்றோர் வழியாக வரும் விகாரத்தால் உண்டாகின்றன. குடும்பத்தில் பலருக்கு, இளவயதில் வந்திருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், முன்கூட்டியே கவனிக்கலாம். மற்றபடி, தாய்க்கு வந்ததென்று மகளின் வாழ்க்கையைத் தடுப்பது அறியாமை. மருமகள் தேடும் இடத்தில் நாங்கள் இருக்கும்போது அதை நினைவில் வைத்திருப்போம்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். இங்கே வந்திருக்கும் ஒவ்வொருவரும் 35 வயதைத் தாண்டிய ஒரு பெண்ணை, சகோதரியையோ அயலவரையோ வீட்டில் வேலைக்கு வருபவரையோ, இந்த வருடத்துக்குள் சுகவனிதையர் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போகப் பயப்படுகிறவர், துணைக்கு ஆள் இருந்தால் போவார். போகும்போது உங்களுடைய பரிசோதனையையும் செய்துகொண்டு வாருங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மாருக்கு ஊசியைப் பற்றி விளக்கும் கூட்டமொன்றை ஒவ்வொரு வருடமும் கல்லூரியில் நடத்துவோம். அதற்கு வந்து பேச நான் ஆயத்தம். சம்பளம் வேண்டாம், தேத்தண்ணி போதும்.

எங்கள் உடம்பின் காவல் இரவு பகலாக எங்களுக்காக வேலை செய்கிறது. அதன் கண்ணுக்குத் தப்புவதைப் பிடிக்க எங்களுக்குப் படிப்பும் பரிசோதனையும் வைத்தியசாலையும் இருக்கின்றன. கூச்சத்தை மட்டும் விட்டுவிட்டால் போதும்.